பழைய சாரணர் கத்தி: வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாமா, தாம் பழைய பொருள் கடையில் வாங்கிய நான்கு அலகுச் சாரணர் கத்தியை உங்களிடம் கொடுத்திருக்கிறார். பிடி எலும்புபோல் தெரிகிறது, அலகுகளில் கருமையும் இடையிடையே துருவும் இருக்கின்றன. இதை மெருகேற்றலாமா, முகாமுக்கு எடுத்துச் செல்லலாமா, இதே வகையில் இன்னும் சிலவற்றைச் சேகரிக்க எதைப் பார்த்து வாங்குவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: மெருகேற்றாதீர்கள். மற்ற இரண்டுக்கும் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பதில் தேட வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

மெருகு வேண்டாம் என்பதைச் சொந்த நஷ்டத்திலிருந்து சொல்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில், நியூஜெர்சியில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தை ஒன்றில் எட்டு டாலருக்கு ஒரு சாரணர் கத்தி கிடைத்தது. அலகு முழுவதும் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த கையோடு, பித்தளை விளக்குத் துலக்கும் பசையைத் துணியில் எடுத்துக் கால் மணி நேரம் தேய்த்தேன். அலகு கண்ணாடிபோல் ஆன பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான், பெரிய அலகின் நடுவில் சில எழுத்துகளின் கடைசிச் சுவடு கண்ணில் பட்டது. ஆலையில் அமிலத்தால் பொறித்திருந்த வாசகம் அது. அந்தப் பொறிப்பு ஒரு தலைமயிர் ஆழம்கூட இருக்காது. அது போய்விட்டால் மீண்டும் வராது. அந்தக் கத்தியை இன்றும் வைத்திருக்கிறேன், பழம் நறுக்க.

இந்தக் கத்தியின் வடிவம் சாரணர் இயக்கத்தைவிட மூத்தது. சுவிஸ் ராணுவம் 1889ஆம் ஆண்டு மாதிரி ஷ்மிட்-ரூபின் துப்பாக்கிக்கு மாறியபோது, அதைப் பிரித்துத் துடைப்பதற்கு ஒவ்வொரு சிப்பாயிடமும் ஒரு திருப்புளி இருக்க வேண்டியதாயிற்று. ரொட்டியை அறுக்க ஓர் அலகு, டப்பா உணவைத் திறக்க ஒரு கருவி, தோலில் துளையிட ஒரு தமரூசி ஆகியவற்றையும் அதனோடு சேர்த்து, கருநிற ஓக் மரப் பிடியில் மடியும்படி அமைத்ததே 1890 மாதிரிச் சிப்பாய்க் கத்தி. முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரில்தான் செய்யப்பட்டது. இபாக் என்னும் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸனர், 1891 முதல் அந்த வேலையைச் சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுவந்தார். இன்றைய விக்டோரினாக்ஸ் அந்தப் பட்டறையின் வழிவந்தது. 1892இல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் நெளிவிளிம்புப் பாட்டில் மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த மூடி பரவிய பிறகு, திருப்புளி அலகின் பக்கத்தில் மூடியைத் திறக்கும் கொக்கி ஒன்றும் வழக்கமாகச் சேர்ந்துகொண்டது. ஆக, உங்கள் கையில் உள்ள நான்கு கருவிகளும் ஒரு துப்பாக்கியும் ஒரு பாட்டில் மூடியும் கொண்டுவந்து சேர்த்தவை என்று சொன்னால் மிகையில்லை.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. அதன் அதிகாரபூர்வக் கத்தியை முதலில் செய்தது நியூயார்க் மாநிலத்தின் வால்டன் ஊரில் இருந்த நியூயார்க் நைஃப் கம்பெனி. முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி விற்பனை சரிந்தபோது கத்தித் தொழிலில் இறங்கிய ரெமிங்டன் 1920-களில் அதில் சேர்ந்தது. பின்னர் எல்லன்வில்லில் இருந்த அல்ஸ்டர், தன் ஊரின் பெயரையே கொண்ட கமிலஸ், ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸில் இருந்த இம்பீரியல் ஆகியவை பல பத்தாண்டுகள் செய்தன. நியூயார்க் நைஃப் கம்பெனி பொருளாதாரப் பெருமந்தத்தில், 1930-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. ரெமிங்டன் தன் கத்திப் பிரிவை 1940இல் 'பால்' (Pal) என்னும் பிளேடு நிறுவனத்துக்கு விற்றது. கமிலஸ் ஆலை 2007இல் மூடப்பட்டது. அதன் பெயர் மட்டும் வேறு கைக்குப் போய், இன்று வெளிநாட்டில் செய்த கத்திகளின் மேல் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி உங்கள் கத்தியை எடுத்துப் பெரிய அலகைத் திறந்து, அலகின் அடிப்பகுதியில், பிடிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள முத்திரையைப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாவிட்டால் கைபேசியின் கேமரா போதும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் எழுத்து நிழல்விட்டுத் தெளியும். நிறுவனத்தின் பெயரோடு ஊரின் பெயரும் நாட்டின் பெயரும் இருக்கும். ஒரே நிறுவனம் காலத்துக்கேற்ப முத்திரையின் வரிகளையும் சொற்களையும் மாற்றியிருப்பதால், காலத்தைக் கணிக்க முதலில் உதவுவது இந்த முத்திரைதான். ரெமிங்டன் கத்தி என்றால் அலகில் பெரும்பாலும் மாதிரியைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கும். பழைய சாரணர் கத்திகளில் புகழ்பெற்ற எண் ஆர்எஸ் 3333. அந்த நிறுவனத்தின் எண்முறையில் கடைசி இலக்கம் பிடியின் பொருளைக் குறிக்கும்: 3 என்றால் எலும்பு, 4 என்றால் முத்துச்சிப்பி, 6 என்றால் மான்கொம்பு. கடைசி இலக்கம் 3 ஆக இருந்து பிடி பிளாஸ்டிக்காக இருந்தால், பிடியை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிடி எலும்புதானா என்பதற்கு ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பிடிகளில் சில செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை, அது எளிதில் தீப்பிடிக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அவை உயிரோடு இருந்தபோது ரத்தக் குழாய்கள் ஓடிய வழிகள். 'டெல்ரின்' என்னும் பிளாஸ்டிக்கில் அவை இருக்காது. டெல்ரினை டூபான்ட் நிறுவனம் 1960 வாக்கில்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகவே அந்தப் பிடியோடு ஒரு கத்தியை 1930-களைச் சேர்ந்தது என்று விற்பவர் சொன்னால், அவர் தெரியாமல் சொல்கிறார் அல்லது தெரிந்தே சொல்கிறார். செல்லுலாய்டு இன்னொரு வகையிலும் தொல்லை: பல ஆண்டுகளுக்குப் பிறகு அது சிதையத் தொடங்கும்போது வெளிவிடும் அமிலப் புகை, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும். செல்லுலாய்டுப் பிடி கொண்டவற்றைத் தனியாக, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

சேகரிப்பவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டிய இடம் அலகு. சாரணர் கத்தியின் பெரிய அலகு ஈட்டி முனை வடிவம் கொண்டது. புதிதாக இருந்தபோது முனை அலகின் நடுக்கோட்டில் இருந்திருக்கும். அடிக்கடி தீட்டும்போது கூர் விளிம்பு மட்டுமே தேய்வதால், முனை மெல்ல மெல்ல அலகின் முதுகுப் பக்கம் நகர்ந்துவிடும். கத்தியை மடக்கும்போது முதுகுதான் வெளிப்பக்கம் இருக்கும். எனவே தேய்ந்த அலகின் முனை மூடிய நிலையிலும் வெளியே துருத்தி, சட்டைப்பையில் மாட்டும். இதைச் சரிசெய்யப் பழைய உரிமையாளர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். அலகின் அடியில், கூர் விளிம்பு தொடங்குமுன் ஒரு சிறு மேடு இருக்கும். மூடியிருக்கும்போது அலகு, பிடிக்குள் இருக்கும் பட்டை வில்லின் (ஸ்பிரிங்கின்) மேல் அந்த மேட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டால் அலகு கீழே இறங்கி முனை உள்ளே மறைந்துகொள்ளும். ஆனால் நகத்தால் இழுப்பதற்கான பள்ளமும் கூடவே இறங்கிப் பிடியின் தகட்டுக்குப் பின்னால் பாதி மறைந்துவிடும். மூடிய கத்தியில் நகப்பள்ளம் முழுதாகத் தெரியாவிட்டால், அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். விற்பனைக்கான படங்களில் அலகுகள் எல்லாம் திறந்தே இருக்கும். மூடிய நிலையில் ஒரு படம் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.

அடுத்தது வில். நான்கு அலகுகளையும் இரண்டு பட்டை விற்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு வில்லும் இரு முனைகளிலும் ஓர் அலகைப் பிடிக்கிறது. நல்ல நிலையில் உள்ள கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று சொடுக்குப் போடும். பாதி வழியில் விட்டால் அலகு தானாகச் சரியாமல் நிற்கும் அல்லது மூடிக்கொள்ளும்; தளர்ந்த வில்லில் அது தொளதொளவென்று ஆடும். திறந்த அலகைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைவு பழைய கத்தியில் மன்னிக்கத்தக்கது. ஆனால் மேலும் கீழும் அசைந்தாலோ, வில்லில் குறுக்காக ஒரு கீறல் தெரிந்தாலோ, அது காட்சிப் பெட்டிக்குரியது, உங்கள் பைக்குரியது அல்ல.

போலி என்று முழுமையாகச் சொல்ல முடியாத சில விஷயங்களும் உண்டு. பிடியில் பதித்த சாரணர் சின்னம் கழன்று, வேறு கத்தியிலிருந்து எடுத்ததைப் பொருத்தியிருப்பார்கள். சின்னத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளியோ பசையின் மினுமினுப்போ தெரிந்தால் அதை அறியலாம். 1982 முதல் ரெமிங்டன் பெயரில் பழைய மாதிரிகளின் மறுபதிப்புகளும் வந்தன. அவை நேர்மையாகச் செய்யப்பட்ட நல்ல கத்திகள்தான், இரண்டாம் கையாக விற்பவர்கள்தான் அவற்றுக்கு அறுபது வயது கூட்டிவிடுகிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், என் கருத்தில் சாரணர் கத்தியிலிருந்தே தொடங்க வேண்டாம். ஆண்டு பொறித்த ராணுவக் கத்திகளிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்க மரைன் படையினருக்காக, இதே நான்கு கருவிகளோடு, பிடி உட்பட முழுவதும் எவர்சில்வரில் ஒரு கத்தி வந்தது. போருக்குப் பிறகு அந்த மாதிரியை ராணுவம் பல பத்தாண்டுகள் வாங்கியது. கமிலஸ் செய்தவற்றில் பிடியில் யு.எஸ். என்ற எழுத்துகளும் அலகின் அடியில் ஆண்டும் இருக்கும். சுவிஸ் சிப்பாய்க் கத்தியின் 1961 மாதிரியும் 2008 வரை ஏறத்தாழ மாறாமல் வந்தது. அதிலும் அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் உண்டு. ஆண்டு எழுதியே இருப்பதால், தேய்மானமும் துருவும் வில்லின் இறுக்கமும் எத்தனை ஆண்டில் எப்படி மாறுகின்றன என்பதை ஊகமில்லாமல் கற்கலாம். பத்துப் பன்னிரண்டு ராணுவக் கத்திகளைக் கையாண்டவர் கண்ணுக்கு, ஆண்டு இல்லாத சாரணர் கத்தியும் தன் வயதை மறைக்க முடியாது.

சுத்தம் செய்வதற்கு வருவோம். பழைய சாரணர் கத்திகளின் அலகு பெரும்பாலும் கார்பன் எஃகு. நம் வீட்டு அரிவாள்மனையும் அதே இனம்தான். வாழைக்காயும் மாங்காயும் நறுக்கி நறுக்கி அரிவாள்மனை கருத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருமை எஃகின் மேல் இறுகப் படிந்த படலம், அது துருவை ஓரளவு தடுக்கும். அதை விட்டுவிடுங்கள். விரலில் ஒட்டும் செந்துரு மட்டுமே பகை. தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பல்குச்சியாலும் முரட்டுத் துணியாலும் தேயுங்கள். எஃகு நார் வேண்டாம். மூட்டுகளில் ஐம்பது ஆண்டு அழுக்கு கெட்டிப்பட்டிருந்தால், அங்கே மட்டும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, அலகை இருபது முப்பது முறை திறந்து மூடினால் கறுப்புச் சாறாக வெளியே வரும். முழுக் கத்தியையும் எதிலும் ஊறப்போடாதீர்கள், வெந்நீரில் கண்டிப்பாக வேண்டாம். எலும்பு ஊறிப் பிறகு உலரும்போது ஆணிகளைச் சுற்றி வெடிக்கும். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் அது நாளடைவில் பிசினாகி வில்லை மந்தமாக்கிவிடும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதும் தவறு. தோல் பதனிடும் பொருள்களும் அது உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து, சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஒரே மழைக்காலத்தில் அலகை அரித்துவிடும்.

பயன்பாட்டில், நான்கு கருவிகளில் அதிகம் பேர் தொடாமலே விடுவது தமரூசி. உண்மையில் முகாமில் எனக்கு அதிகம் உழைத்தது அதுதான். அமெரிக்கச் சாரணர் கத்தியின் தமரூசி ஒரு பக்கம் குழிந்து வளைந்திருக்கும், அதன் ஒரு விளிம்பு மட்டும் கூர். குத்துவதற்கல்ல, திருகுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். தோல் வாரைக் கட்டையின் மேல் வைத்து, முனையை ஊன்றி, கூர் விளிம்பு வெட்டும் திசையில் மணிக்கட்டைத் திருப்பினால் வட்டமான துளை விழும். வெறுமனே குத்தினால் கிழிசல்தான் மிஞ்சும். தார்ப்பாயின் கண்வளையம் பிய்ந்துபோன ஒரு மழை இரவில், ஓரத்தை இரண்டாக மடித்து இதனால் துளையிட்டுக் கயிறு கோத்துத்தான் நாங்கள் நனையாமல் படுத்தோம்.

டப்பா திறப்பானில் கத்திக்குக் கத்தி வழி வேறு. விக்டோரினாக்ஸில் கொக்கி டப்பாவின் விளிம்பைப் பிடிக்க, கூர்ப்பகுதி முன்னோக்கி நகர்ந்து வெட்டும். அதே சுவிட்சர்லாந்தின் வெங்கர் நிறுவனம் செய்த கத்திகளில் அது பின்னோக்கி வரும். மிகப் பழைய அமெரிக்கக் கத்திகளில் திறப்பான் ஒரு குட்டை அரிவாள்போல் இருக்கும், தகரத்தைக் குத்தி முன்னேற வேண்டும். பிந்திய கொக்கி வடிவம் அதைவிடப் பாதுகாப்பானது. எந்த வழியானாலும் சிறு சிறு கடியாக வெட்டுங்கள். பெரிய கடியாகப் போனால் மூடியின் ஓரம் ரம்பம்போல் நிற்கும், கத்தி வெட்டாத கையை அது வெட்டும்.

மறக்கக் கூடாத ஒன்று: இந்தக் கத்திகளில் பூட்டு கிடையாது. திறந்த அலகை நிறுத்திவைப்பது வில்லின் அழுத்தம் மட்டுமே. முனையால் குத்தினாலும், முதுகின் மேல் தட்டினாலும் அலகு விரல்களின் மேல் மடங்கும். இழுத்து அறுப்பதற்கும் சீவுவதற்கும்தான் இது. விறகு பிளக்க அல்ல. அமெரிக்கச் சாரணர்கள் கத்தி வைத்துக்கொள்ளும் உரிமைக்கு 'டோட்டின் சிப்' என்னும் அட்டையைப் பயிற்சி முடித்துப் பெற வேண்டும். விதி மீறினால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடுவது வழக்கம். அவர்கள் சொல்லித்தரும் முதல் பழக்கம், மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு முழு வட்டம் சுழன்று, யாரும் அந்த எல்லைக்குள் இல்லை என்று பார்த்த பின்பே திறப்பது. அதைப் பெரியவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

தீட்டுவதற்குச் சாணைச் சக்கரம் பிடிப்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சக்கரத்தின் வேகத்தில் மெல்லிய முனை சூடாகி நீலம் பூத்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மேலே சொன்ன தேய்ந்த அலகுகளில் பாதி சக்கரத்தில் சிதைந்தவையே. கையால், நேர்த்தியான சாணைக்கல்லில் சில சொட்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைக்குள் சாய்த்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் தள்ளினால் போதும். கார்பன் எஃகு பத்து நிமிடத்தில் கூர் ஏறும். ராணுவத்தின் எவர்சில்வர் கத்திக்கு அதைவிடப் பொறுமை வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் குறிப்பிடுகின்றன. சாரணர் கத்தி மடக்கிய நிலையிலேயே ஏறத்தாழ மூன்றரை அங்குலம்தான். ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, மெட்ரோ ரயில் சோதனையிலும் பிடுங்கிக்கொள்வார்கள். நூறாண்டுப் பழைமை அங்கே எடுபடாது.

மாமா கொடுத்த கத்தியை முகாமுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்விதான் பாக்கி. மூடும்போது நகப்பள்ளம் முழுதாகத் தெரிந்து, வில் சொடுக்குப் போட்டு, அலகு மேலும் கீழும் ஆடாமல் இருந்தால் தாராளமாகக் கொண்டுபோங்கள். அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். முத்திரையில் வால்டன் என்றோ வட்டத்துக்குள் ரெமிங்டன் என்றோ இருந்து, பொறிப்பும் படிக்கும்படி இருந்தால் மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக 93 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் பயனியர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் இதே நான்கு கருவிகள்தான், அலுமினியப் பிடியோடு. எதைக் கொண்டுபோனாலும், எலுமிச்சை அறுத்த அலகைத் துடைக்காமல் மடக்காதீர்கள். மறுநாள் காலைக்குள் மூட்டில் செந்துரு வந்துவிடும்.